மூன்று சகோதரிகள்

சிறு தோட்டமொன்றில் எந்தச் செடிக்கு அருகில் எதனை நடுவது என்பது கமக்காரனுக்கும் இல்லத்தரசிக்கும் ஆண்டுதோறும் எழுகின்ற வினாவாகும். வெயில் வேண்டுவது எது, நிழல் பொறுப்பது எது, கொழுகொம்பு தேடுவது எது, நிலத்திற் படர்வது எது என ஆராய்ந்த பின்னரே பாத்தி வகுக்கப்படுகின்றது. இவ்வினாவுக்கு மனிதன் கண்ட சிறந்த விடைகளுள் ஒன்று அமெரிக்கக் கண்டத்திலே தோன்றியது. சோளம், போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்கும் முறையே அது. வட அமெரிக்காவின் இரோகுவா மக்கள் அவற்றை 'மூன்று சகோதரிகள்' என அழைத்தனர்.

இச்சகோதரிகள் ஒரே காலத்திற் பிறந்தவர்கள் அல்லர். மெக்சிக்கோவின் ஒக்ஸாக்காப் பகுதிக் குகையொன்றிற் கிடைத்த பூசணி விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழமையுடையவை. அந்நாட்டிலேயே ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், காட்டுப் புல்லொன்றிலிருந்து மக்கள் சோளத்தை உருவாக்கினர். வடகிழக்கு அமெரிக்காவைப் போஞ்சி சென்றடைந்தது கி.பி. 1300 அளவிலேயாம். 1605இல் அக்கரையோரமாகச் சென்ற பிரெஞ்சு நாட்டவரான சம்பிளேன், சோளத்தினிடையே போஞ்சியும் அருகிற் பூசணியும் வளர்ந்திருக்கக் கண்டு எழுதிவைத்தார்.

இரோகுவா மக்களிடையே பயிர்த்தொழில் பெண்களின் உரிமையாக இருந்தது. விதை தெரிதல், நடுதல், களைதல், அறுவடை யாவும் அவர்கள் கையிலேயே இருந்தன. மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து முதலிற் சோளத்தை விதைப்பர். அது முளைத்துச் சற்று உயர்ந்த பின்னர் போஞ்சியை ஊன்றுவர். சோளத்தண்டு போஞ்சிக் கொடிக்குக் கொழுகொம்பாகும். பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி, ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். போஞ்சியின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருணவாக மாற்றுகின்றன. கொடி மடிந்து மக்கும்போது அவ்வுரத்தின் ஒரு பகுதி மண்ணைச் சேர்கின்றது. இவ்வுண்மையை 1880களில் ஜேர்மனிய அறிஞர் நிறுவினர். அப்பெண்களோ அதன் பயனை விளைச்சலிலே கண்டிருந்தனர்.

நிலத்திற் பொருந்தியவை உணவிலும் பொருந்தின. சோளப் புரதத்திற் குறைவாயுள்ள இலைசீன் போஞ்சியில் மிகுதியாக உண்டு. சோளத்தைச் சாம்பல் கலந்த நீரில் வேகவைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அதனாற் சோளத்தில் அடங்கியுள்ள உயிர்ச்சத்தொன்று உடலுக்குக் கிடைத்தது. ஐரோப்பியர் சோளத்தை மாத்திரம் கொண்டுசென்றனர், இவ்வழக்கத்தைக் கொண்டுசெல்லவில்லை. சோளமே உணவாகிய ஸ்பானிய, இத்தாலிய ஏழைகளிடையே 18ஆம் நூற்றாண்டிற் பெலாக்கிரா என்னும் கொடிய நோய் பரவிற்று.

இத்தோட்டங்கள் ஒரு மக்களின் வலிமைக்கு அடித்தளமாக இருந்தன என்பதைப் பகைவரே நன்கு உணர்ந்தனர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆறு இரோகுவா இனங்களும் பிளவுற்றன. ஒனைடா, தஸ்கரோரா இனத்தவருட் பெரும்பாலோர் குடியேற்றவாசிகளின் பக்கம் நின்றனர். ஏனைய இனங்களிற் பெரும்பகுதியினர் பிரித்தானியரைச் சார்ந்தனர். 1778இல் எல்லைக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மறு ஆண்டு மே மாதத்தில் ஜோர்ஜ் வாஷிங்டன், இரோகுவா ஊர்களை அழிக்குமாறும், நிலத்தில் நிற்கும் பயிரைப் பாழாக்கி மீண்டும் விதைக்கவொட்டாது தடுக்குமாறும் தளபதி சலிவனுக்குக் கட்டளையிட்டார். படையினர் நாற்பது ஊர்களை எரித்தனர். குறைந்தது 1,60,000 புசல் சோளம் அழிக்கப்பட்டதாகச் சலிவன் தமது அறிக்கையிற் குறிப்பிட்டார். பழமரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன.

தொடர்ந்து வந்த மாரி மிகக் கடுமையானது. நயாகராக் கோட்டையருகே அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோருட் பலர் பசியாலும் குளிராலும் மாண்டனர். வாஷிங்டனுக்கு அம்மக்கள் வழங்கிய பெயர் 'ஊரழிப்போன்' என்பதாகும். அப்பெயரைக் கேட்டால் தம் பெண்கள் இன்றும் முகம் வெளிறுகின்றனர், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கின்றனர் என்று 1790இற் செனெக்காத் தலைவர்கள் அவரிடமே முறையிட்டனர்.

ஆயினும், விதை அழியவில்லை. எஞ்சிய நிலத்திற் பெண்கள் மீண்டும் மண்மேடு குவித்து மூவரையும் நட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் அவ்விதைகளுட் பலவற்றை இன்றும் பேணி வருகின்றனர். 2009இல் ஐக்கிய அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு டொலர் நாணயத்தில், இம்மூன்று பயிர்களினிடையே விதை நடும் பழங்குடிப் பெண்ணின் உருவம் பொறிக்கப்பட்டது. எந்த அரசின் படை அத்தோட்டங்களை எரித்ததோ, அந்த அரசே இருநூற்று முப்பது ஆண்டுகளின் பின்னர் அவற்றைப் போற்றியது.

இன்று இலங்கையின் சேனைகளிலே சோளமும் பூசணியும் அருகருகே விளைகின்றன. இரண்டும் கடல்கடந்து வந்த அச்சகோதரிகளே. தோட்டத்தில் எதனோடு எதனை நடுவது என்று சிந்திப்போருக்கு அவை கூறும் விடை எளிது. ஒன்றன் தேவையை மற்றொன்றின் இயல்பு நிறைவுசெய்யுமாயின், அவ்விரண்டும் ஒரே பாத்திக்கு உரியன.