அருகு: காட்டுல களை, டவுன்ல லான்

எங்க ஊர்ல புல்லை எடுக்கக் கூலி குடுக்கிறோம். டவுன்ல புல்லை வைக்கக் கூலி குடுக்கிறாங்க. பல வீட்டுல அது ஒரே புல்லுதான், அருகம்புல். கடலைக் காட்டுல ஒரு கணுவை விட்டுட்டாப் போதும், அடுத்த மழைக்குப் பாத்தி பூரா படர்ந்திடும். அதனால "வீட்டு முன்னாடி லான் போடணும், என்ன புல்லு வைக்கலாம்?"னு சொந்தக்காரங்க கேக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனா இந்த லான் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சப்ப, அவங்க கேள்விக்குப் பதில் சரித்திரத்துலயே இருக்கிறது தெரிஞ்சுது.

லான் ஐரோப்பியப் பிரபுக்கள் வளர்த்த பழக்கம். 17-ம் நூற்றாண்டுல பிரான்ஸ் மன்னர் பதினாலாம் லூயிக்காக வெர்சாய் தோட்டத்தை அமைச்ச லெ நோத்ர், நடுவுல நீளமா ஒரு புல்வெளி விட்டார். அதுக்குப் பேரே 'பச்சைக் கம்பளம்'. அடுத்த நூற்றாண்டுல இங்கிலாந்துல 'கேப்பபிலிட்டி' பிரவுன்னு ஒரு தோட்டக்காரர், மாளிகை வாசல் வரைக்கும் புல்வெளி வர்ற மாதிரி பண்ணைகளை மாத்தி அமைச்சார். புல்லை மட்டமா வைக்க ஆடுங்க மேஞ்சுது. ஆடு வீட்டுப் பக்கம் ஏறி வராம இருக்க ஒரு பக்கம் சுவர் வச்ச பள்ளம் வெட்டினாங்க. கிட்டப் போற வரைக்கும் அது கண்ணுக்கே தெரியாது. வீட்டை ஒட்டின புல்லை ஆளுங்க நீளப்பிடி அரிவாளால, காலைப்பனி காயறதுக்குள்ள அறுப்பாங்க. இத்தனை நிலத்தைப் பயிர் வைக்காம போட்டு, அதுக்கு ஆளும் வைக்க யாரால முடியும்? லான் அப்ப அந்தஸ்து சமாச்சாரம்.

அதை நடுத்தர வீட்டுக்கும் கொண்டுவந்தது ஒரு துணி மில் மிஷின். இங்கிலாந்துல ஸ்ட்ரவுட் பக்கம் கம்பளித் துணி மில்லுங்க நிறைய. துணி மேல நிக்கிற பிசிறை ஒரே மட்டமா வெட்ட சுழல் கத்தி வச்ச மிஷின் இருந்துச்சு. எட்வின் பட்டிங் அதே முறையைப் புல்லுக்குத் திருப்பி, 1830-ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கும் சிலிண்டர் வச்ச கை மிஷின் வேலை செய்யறது அதே மாதிரிதான்.

இதுல நாம கவனிக்க வேண்டியது மழை. லண்டன்ல வருஷத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். சென்னையில சுமார் 1,400 மி.மீ. ஆனா லண்டன்ல அது பன்னெண்டு மாசமும் பிரிச்சுப் பெய்யும், வெயிலும் கம்மி. நமக்குப் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்ந்துடும். அங்க வானம் பாய்ச்சுற தண்ணியை இங்க போர்தான் பாய்ச்சணும்.

வெள்ளைக்காரங்க இதைச் சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. ஊட்டியில குளிரும் ஈரமும் இருந்ததால, 1848-ல மெக்ஐவர் அங்க தாவரவியல் பூங்கா அமைக்க ஆரம்பிச்சு, பச்சைப் புல்வெளியை விரிச்சார். சமவெளியில சீமைப்புல் நிக்காது. அதனால பங்களாவுக்கும் மைதானத்துக்கும் நம்ம அருகையே எடுத்துக்கிட்டாங்க. வடக்க அதுக்கு 'தூப்'னு பேரு.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். வெயில் அடிக்கிற தெற்கு மாநிலங்கள்ல அருகுதான் தாங்குச்சு. அவங்க அதை பெர்முடா புல்னு சொல்றாங்க. ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன்ல இருந்த கிளென் பர்ட்டன், அருகையும் ஆப்பிரிக்க ரகத்தையும் கலந்த ஒட்டுப் புல்லுங்களை வெளியிட்டார். டிஃப்கிரீன் 1956, டிஃப்வே 1960. கோல்ஃப் மைதானம், ஸ்டேடியம்னு உலகம் பூரா போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியம் வேற இடத்துல. அதே பர்ட்டன் உருவாக்கின 'டிஃப்ட் 23ஏ'ங்கிற கம்பு வரிசையைத் தாயா வச்சுத்தான், 1965-ல லூதியானாவுல ஆத்வால் இந்தியாவோட முதல் ஒட்டுக்கம்பு ஹெச்.பி.1-ஐக் கொண்டுவந்தார். நல்லா விளைஞ்சுது, அப்புறம் அடிச்சாம்பல் நோயில அடி வாங்குச்சு. லான் புல்லுக்கும் நம்ம கம்புக்கும் நடுவுல ஒரே மனுஷன் நிக்கிறார்.

சரி, லான் வைக்கிறவங்களுக்கு நான் சொல்றது: அருகே வைங்க. நல்ல வெயில் படுற இடமா இருக்கணும், மர நிழல்ல அது சொத்தையாயிடும். ஒரு அடி ஆழம் கொத்தி, கல்லு பொறுக்கி, தண்ணி விட்டு ரெண்டு வாரம் சும்மா போடுங்க. முளைக்கிற களையை எடுங்க, முக்கியமா கோரையைக் கிழங்கோட. மக்கின தொழுவுரம் போட்டு மட்டம் பண்ணுங்க. அருகுக் கொடியைத் துண்டு துண்டா நறுக்கி நாலு அங்குல இடைவெளியில நடலாம். இல்லேன்னா சாணி, மண், தண்ணியோட குழைச்சு, தரையில வாசல் மெழுகுற மாதிரி பூசிடலாம். புரட்டாசியில செஞ்சா மழை பார்த்துக்கும். வெட்டும்போது உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க.

தண்ணிக் கணக்கும் சொல்லிடறேன். கோடையில நாளுக்கு 5 மி.மீ.ன்னு வச்சா, 1,000 சதுர அடிக்குச் சுமார் 465 லிட்டர். பதினஞ்சு லிட்டர் குடத்துல 31 குடம், தினமும். போர் வத்தினா லாரி. டவுனை ஒட்டின ஊருங்கள்ல அந்த லாரி நிரம்புறது பல சமயம் விவசாயக் கெணத்துல.

அதனால சித்திரை வைகாசியில புல்லு பழுப்பா மாறினா விட்டுடுங்க. அருகு சாகாது, வேரு கீழ உயிரோட இருக்கும். ஒரு நல்ல மழைக்குத் துளிர்த்துடும். எங்க காட்டுல வருஷா வருஷம் நான் பார்க்கிறது அதைத்தான்.