திரும்பப் பார்க்க இயலாத படங்கள்: அமெரிக்கத் திகில்பட ரசிகர்களும் பயில்முறைத் திரைப்பட ஆக்கமும் (1957–1983)

முன்னுரை

1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு 'ஷாக்' என்னும் பெயரில் 52 பழைய படங்கள் ஒரே தொகுப்பாக வழங்கப்பட்டன. யுனிவர்சல் நிறுவனம் 1948க்கு முன்னர் தயாரித்த அப்படங்களை விநியோகித்தது ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம். 'டிராகுலா' (1931), 'பிராங்கன்ஸ்டைன்' (1931), 'தி மம்மி' (1932), 'தி உல்ஃப் மேன்' (1941) ஆகியன அதில் இடம்பெற்றிருந்தன. எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சாதாரணத் துப்பறியும் படங்களும் உளவாளிக் கதைகளும் அதே கட்டில் சேர்க்கப்பட்டிருந்தன. எனினும் தொகுப்பு புகழ்பெற்றது பேய்களாலேயே. அடுத்த ஆண்டு 'சன் ஆஃப் ஷாக்' என மேலும் 20 படங்கள் வந்தன.

நள்ளிரவு நேரத்தில் இப்படங்களைக் கண்டவர்களில் பெரும்பாலோர், அவை முதன்முதலில் வெளியானபோது பிறந்திராத சிறுவர்கள். அவர்களிடையே உருவான ரசனையைச் சிறுபருவத்து விளையாட்டு என்றோ, வணிகம் தூண்டிய மோகம் என்றோ கூறிக் கடந்துவிடுவது வழக்கம். அவ்விளக்கம் போதாது. அன்றைய ரசிகனுக்குத் தான் விரும்பிய படத்தை மீண்டும் பார்க்கும் வழி இல்லை. ஒருமுறை ஒளிபரப்பான படம் மறுபடி எப்போது வரும் என்பது நிலையத்தாரின் விருப்பத்தைப் பொறுத்தது. பார்த்ததைக் கைவசப்படுத்திக்கொள்ளும் முயற்சியே நிழற்படச் சேகரிப்பாகவும், ஒப்பனைப் பயிற்சியாகவும், இறுதியில் வீட்டிலேயே படமெடுக்கும் பழக்கமாகவும் வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

காப்பாரற்ற மரபு

இம்முயற்சியின் அருமையை உணர, அக்காலத்தில் பழைய படங்கள் இருந்த நிலையை அறிதல் வேண்டும். 1948இல் யுனிவர்சல் நிறுவனமே தன்னிடமிருந்த மௌனப்படச் சுருள்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. இடத்தை அடைத்துக்கொண்டு, தீப்பற்றும் அபாயத்துடன் கிடந்த அச்சுருள்களுக்கு இனி வருவாய் இல்லை என்பது வணிகக் கணக்கு. ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' (1922) வேறொரு காரணத்தால் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 'டிராகுலா' நாவலை உரிமை பெறாமல் தழுவியது என்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் எல்லாப் படிகளையும் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்ட படிகளால் அப்படம் பிழைத்தது. எடிசன் நிறுவனம் 1910இல் எடுத்த 'பிராங்கன்ஸ்டைன்' முற்றிலும் மறைந்ததாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதன் படி ஒன்று விஸ்கான்சின் மாநிலத்துத் தனிச் சேகரிப்பாளர் ஒருவரின் கையில் இருந்தது பின்னரே தெரியவந்தது.

இவற்றினும் துயரமானது லான் சேனி நடித்து டாட் பிரவுனிங் இயக்கிய 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) அடைந்த முடிவு. எம்ஜிஎம் நிறுவனத்தின் சேமிப்பறையில் 1965இல் நேர்ந்த தீவிபத்தில், அறியப்பட்ட இறுதிப் படியும் எரிந்துபோனது. நீள்தொப்பியும் கூர்ப்பற்களும் விரிந்த கண்களுமாகச் சேனி நிற்கும் நிழற்படங்கள் மட்டும் எஞ்சின. படத்தைப் பார்த்தேயிராத ஒரு தலைமுறை அவ்வுருவத்தை மனப்பாடமாக அறிந்திருந்தது என்றால், அதற்கு முதன்மைக் காரணம் ஓர் இதழ்.

இதழும் அதன் ஆசிரியரும்

'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' இதழின் முதல் வெளியீடு 1958 பிப்ரவரியில் 35 சென்ட் விலையில் வந்தது. வெளியீட்டாளர் ஜேம்ஸ் வாரன். ஆசிரியர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் (1916–2008). ஒரே ஒரு வெளியீட்டுடன் முடித்துக்கொள்ளும் எண்ணத்துடன் தொடங்கப்பட்ட அது, விற்பனை கண்டு தொடர்ந்து, 1983 வரை 191 எண்களைத் தொட்டது.

ஆக்கர்மன் தாமே ஒரு ரசிகர். ஐந்து வயதில் பார்த்த படமொன்றும், ஒன்பது வயதில் வாங்கிய அறிவியல் புனைகதை இதழொன்றும் தம் வாழ்வைத் தீர்மானித்தன என்பது அவர் பலமுறை கூறியது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு எதிர்கால மனிதனின் உடை தரித்துச் சென்றவர். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவருடைய இல்லம் நூல்களும் முகமூடிகளும் படப்பொருட்களும் நிறைந்த தனியார் அருங்காட்சியகமாயிற்று. சனிக்கிழமைகளில் எவரும் கட்டணமின்றி வந்து பார்க்கலாம்.

திரைத் திறனாய்வு என்னும் நோக்கில் மதிப்பிட்டால் இவ்விதழ் மெலிவானது. சிலேடைகளும் சிறுபிள்ளை நகைச்சுவையும் பக்கங்களை நிறைத்தன. படங்களின் குறைகளை எடுத்துக்கூறும் துணிவு அரிதாகவே வெளிப்பட்டது. பெற்றோரும் ஆசிரியர்களும் இதனைக் குப்பை என ஒதுக்கியதில் வியப்பில்லை. ஆனால் ஆவணக் காப்பகம் என்ற முறையிலும் பயிற்சிக்கூடம் என்ற முறையிலும் இதன் பணி பெரிது. ஆக்கர்மனின் சேகரிப்பிலிருந்த நிழற்படங்கள் இதழ்தோறும் அச்சேறின. திரையில் சில நொடிகளே தோன்றி மறைந்த முகத்தை, தாளில் மணிக்கணக்கில் உற்றுநோக்க முடிந்தது.

அச்சம் கைவினை அறிவாக மாறியதும் இவ்வுற்றுநோக்கலில்தான். போரிஸ் கார்லாஃபின் முகத்தைப் பிராங்கன்ஸ்டைனின் படைப்பாக மாற்ற ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் உழைத்தார். பஞ்சும் கொலோடியன் என்னும் ஒட்டுத்திரவமும் பசையும் அடுக்கடுக்காகப் படிந்து அந்த நெற்றி உருவாயிற்று. இச்செய்தியை அறிந்த சிறுவன் படத்தைக் கண்டு அஞ்சுவதை நிறுத்திவிடுவதில்லை. அஞ்சிக்கொண்டே, இதை யார் எவ்வாறு செய்தார் என்றும் கேட்கத் தொடங்குகிறான். தலைப்பெழுத்துகளில் எவரும் படிக்காமல் கடந்துபோகும் ஒப்பனைக்காரர் பெயர் அவனுக்கு நடிகர் பெயருக்கு நிகரானதாகிறது. 1965இல் வாரன் நிறுவனம் வெளியிட்ட டிக் ஸ்மித்தின் ஒப்பனைக் கையேடு, வீட்டில் கிடைக்கும் எளிய பொருட்களைக்கொண்டே பூத முகங்களை ஆக்கும் முறைகளைப் படிப்படியாகக் கற்பித்தது. தொழில் இரகசியங்களைப் பொத்திவைப்பதே வழக்கமாயிருந்த துறையில், ஒரு முதன்மைக் கலைஞர் அவற்றைச் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டது குறிப்பிடத்தக்க செயல்.

வீட்டுக் கொல்லையில் படப்பிடிப்பு

தமிழ் நாடக வரலாற்றில் 1891இல் தோன்றிய சுகுண விலாச சபை போன்ற குழுக்களை 'அமெச்சூர்' என்றும் 'பயில்முறை' என்றும் குறிப்பதுண்டு. முன்னைய சொல்லின் இலத்தீன் வேர் அன்பைக் குறிப்பது. பின்னையது பயிற்சியைக் குறிப்பது. இங்கு பேசப்படும் சிறுவர்களுக்கு இரண்டும் பொருந்தும்.

அவர்களது கருவி 8 மி.மீ. ஒளிப்படக்கருவி. கோடாக் நிறுவனம் 1932இல் குடும்ப நிகழ்வுகளைப் பதிவதற்காக அறிமுகப்படுத்திய வடிவம் அது. 25 அடிச் சுருளின் ஒரு பாதியில் படமெடுத்தபின் அதைத் திருப்பிப்போட்டு மறுபாதியிலும் எடுக்கவேண்டும். மொத்தம் ஏறத்தாழ நான்கு நிமிடக் காட்சி கிடைக்கும். பெரும்பாலும் ஒலி கிடையாது. அதில் இடப்பட்ட சுருள் நேரடியாக நேர்ப்படமாகவே கழுவப்படும். தனியே எதிர்ப்படிவம் இல்லாததால் படியெடுப்பது எளிதன்று. படமாக்கிய அதே சுருள்தான் வீட்டுத் திரையிலும் ஓடும். ஓடும்போதெல்லாம் கீறல் ஏறும். இழந்த படத்தை மீட்பதற்காக எடுத்த படமும் இவ்வாறு பார்க்கப் பார்க்கத் தேய்ந்தது.

கடைகளிலும் அஞ்சல் வழியாகவும் கேசில் நிறுவனம் விற்ற 8 மி.மீ. சுருக்கப்பதிப்புகள் இவர்களுக்குப் பாடநூலாயின. ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட படம் அவற்றில் சில நிமிடங்களாகக் குறுகியிருந்தது. உரையாடல் நீங்கிவிட்டதால் கதையைக் காட்சிகளே சுமந்தன. எந்தக் காட்சியை வெட்டினாலும் கதை நிற்கும், எதை வெட்டினால் விழும் என்பதைப் படத்தொகுப்பு நூல்களைவிட அச்சுருள்கள் தெளிவாகக் காட்டியிருக்கும்.

டான் குளூட் 1953 முதல் 1969 வரை 41 பயில்முறைப் படங்களை எடுத்தார். தொல்விலங்குகள், பிராங்கன்ஸ்டைன், டிராகுலா, ஓநாய் மனிதர், தொடர்படங்களின் சாகச வீரர் என எல்லாரும் அவற்றில் வந்தனர். அவருடைய ஆக்கங்கள் பற்றிய செய்திகளும் படங்களும் ஆக்கர்மனின் இதழிலேயே வெளியாயின. யுனிவர்சல் படங்கள் மூன்றில் பிராங்கன்ஸ்டைனின் படைப்பாக நடித்த கிளென் ஸ்ட்ரேஞ்ச், குளூட்டின் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் தி ஸ்பிரிட்' (1963) என்னும் பயில்முறைப் படத்தில் அதே வேடத்தை மீண்டும் ஏற்றார். பெருநிறுவனம் கைவிட்ட பாத்திரத்தை அதன் நடிகரே ஒரு ரசிகனின் சிறு கருவிக்கு முன் புதுப்பித்த இந்நிகழ்ச்சி, திரைப்பட வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

டென்னிஸ் முரென் கல்லூரிப் பருவத்தில், இதழின் வாயிலாக அறிமுகமான டேவிட் ஆலன், மார்க் மெக்கீ முதலிய நண்பர்களுடன் சேர்ந்து எடுத்த 'ஈக்வினாக்ஸ்' ஒரு படி மேலே சென்றது. செலவு ஏறத்தாழ 6,500 டாலர். படம் 16 மி.மீ. பொம்மை உருவங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாகப் பதிவுசெய்யும் முறையில் அதன் பூதங்கள் இயங்கின. 'கிங் காங்' (1933) படத்தில் வில்லிஸ் ஓப்ரையன் கையாண்ட நெறி அது. கதைக்குள் ஒலிக்கும் ஒலிநாடாக் குரல் ஆக்கர்மனுடையது. விநியோகஸ்தர் ஜாக் எச். ஹாரிஸ் அதனை வாங்கி, புதிய காட்சிகள் சேர்த்து 1970இல் திரையரங்குகளில் வெளியிட்டார். முரென் பின்னர் 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் காட்சி விளைவுகளில் பணியாற்றி, அத்துறையில் ஆஸ்கார் விருதுகள் பல பெற்றார்.

ரசனையிலிருந்து தொழிலுக்கு

இத்தகைய மாற்றம் முரென் ஒருவரோடு நிற்கவில்லை. 1962இல் மிக மோசமான திகில் படங்களைப் பட்டியலிட்டு இதழில் எழுதிய ஜோ டான்டே, 1981இல் 'தி ஹவ்லிங்' படத்தை இயக்கியபோது ஆக்கர்மனைப் புத்தகக் கடை வாடிக்கையாளராகத் தோன்றச் செய்தார். சிறுவயதில் டிக் ஸ்மித்தைத் தேடிச் சென்று, பின்னர் 'தி எக்சார்சிஸ்ட்' (1973) படத்தில் அவருக்கு உதவியாளராக இருந்த ரிக் பேக்கர், 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) படத்துக்காக ஒப்பனைக்கெனப் புதிதாக நிறுவப்பட்ட ஆஸ்கார் பிரிவில் முதல் விருதைப் பெற்றார். பியர்ஸ் வாழ்ந்த காலத்தில் அத்தகைய பிரிவே இல்லை.

வென்றவர்களைக் கொண்டே இவ்வரலாறு எழுதப்படுவதில் ஒரு பிழை உண்டு. சுருளும் கழுவுகூலியும் தரக்கூடிய குடும்பத்துப் பையன்களே பெரும்பாலும் படமெடுத்தனர். பெண்கள் இம்மரபில் படைப்பவர்களாக அரிதாகவே பதிவாகியுள்ளனர். ஷாக் தொகுப்புக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1954இல், லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில் 'வாம்பைரா' என்ற பெயரில் பழைய திகில் படங்களை எள்ளலோடு அறிமுகம் செய்த மைலா நூர்மியின் வழியிலேயே பின்வந்த ஆண் தொகுப்பாளர்கள் பலர் நடந்தனர்.

1970களின் இறுதியில் பயில்முறைப் படத்தின் நோக்கமே மாறியது. மிச்சிகனைச் சேர்ந்த சாம் ரெய்மியும் நண்பர்களும் 1978இல் சூப்பர் 8 சுருளில் எடுத்த 'விதின் த வுட்ஸ்' நினைவைப் பேணுவதற்காக எடுக்கப்பட்டதன்று. முதலீடு செய்யக்கூடியவர்களுக்குத் திரையிட்டுப் பணம் திரட்டுவதற்கான மாதிரி அது. அதன் பயன் 'தி ஈவில் டெட்' (1981). இதற்கிடையே 1975 முதல் வீட்டு ஒளிநாடாக் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டன. விரும்பிய படத்தைப் பதிந்து வைத்து வேண்டும்போது பார்க்கலாம் என்ற நிலை தோன்றியதும், பார்க்க இயலாமையால் பிறந்த வேட்கைக்கு இடமில்லாமற் போயிற்று. ஆக்கர்மனின் இதழ் 1983இல் நின்றதற்கு வாரன் நிறுவனத்தின் உள்நெருக்கடிகளும் காரணம். ஆயினும் அந்த ஆண்டு தற்செயலாகத் தோன்றவில்லை.

சேகரிப்பு முழுமையாக ஓரிடத்தில் காக்கப்படவேண்டும் என்பது ஆக்கர்மனின் விருப்பம். அதனை ஏற்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. 2002இல் பெரும்பகுதியை விற்றுவிட்டு அவர் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் விருந்தினரை வரவேற்பதை விடவில்லை. அதே 2002இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தை, எஞ்சிய நிழற்படங்களையும் திரைக்கதையையும் மட்டுமே கொண்டு, அசையாப் படங்களின் வரிசையாக ஒளிபரப்பியது. மறைவுக்குப்பின், 2009இல், எஞ்சியிருந்த அவருடைய பொருட்களும் ஏலத்தில் பல கைகளுக்குப் பிரிந்துசென்றன.