விண்மீனில் கிடைத்த செயற்கைத் தனிமம்



சென்ற வாரம் அறிவியல் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தனிமங்களைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினேன். 43ஆம் தனிமமாகிய டெக்னீசியத்தை, "மனிதன் செய்தது" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். அது பாதி உண்மையே. 1937இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் பெரியரும் செக்ரேயும் அதனைக் கண்டறிந்தனர். அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் கருவியின் துகள்களால் தாக்குண்ட மாலிப்டினத் தகட்டில் அது உருவாகியிருந்தது. செயற்கையானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று.

மறுபாதி வீடு திரும்பிய பிறகே உறுத்தியது.

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பால் மெரில் என்றொரு அறிஞர் இருந்தார். விரிந்து சுருங்கி, ஒளி கூடிக் குறையும் முதிய செந்நிற விண்மீன்களின் ஆய்விலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதன் வளிமண்டலத்திலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கருங்கோடுகளைப் பதித்திருக்கும். சிர்கோனியம் ஆக்சைடின் தடம் மிகுந்த சில விண்மீன்களை 1922இல் அவர் 'எஸ்' என்னும் தனி வகையாகப் பிரித்தார். முப்பது ஆண்டுகள் சென்றன. ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியத்தின் கோடுகள் அளக்கப்பட்ட பின்னர், அதே கோடுகளை ஆர் ஆண்ட்ரோமெடே முதலிய 'எஸ்' விண்மீன்களில் கண்டதாக 1952இல் மெரில் அறிவித்தார்.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? டெக்னீசியத்தின் எந்த வகையும் நிலையானதன்று. நெடிது வாழும் வகைக்கும் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 4 மில்லியன் ஆண்டுகளே. பத்து அரைவாழ்வு, அதாவது 40 மில்லியன் ஆண்டுகள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். அவ்விண்மீன்களின் வயதோ அதனினும் பன்மடங்கு. பிறப்பிலேயே பெற்றிருந்தால் என்றோ அழிந்திருக்கும். ஆகவே, அண்மையில் அங்கேயே அது உருவாகியிருக்க வேண்டும்.

தனிமங்கள் யாவும் பேரண்டத்தின் தொடக்கத்திலேயே தோன்றின என்று காமோவின் குழுவினர் வாதிட்ட காலம் அது. விண்மீன்களுக்குள்ளே அவை சமைக்கப்படுகின்றன என்றார் ஹாயில். மெரிலின் கோடுகள் ஹாயிலின் பக்கம் சாய்ந்தன. மெரில் மட்டும் அவசரப்படவில்லை. நிலையான டெக்னீசியம் எங்கேனும் இருக்கலாமோ என்ற ஐயத்தையும் சேர்த்தே எழுதினார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1957இல் பர்பிட்ஜ் இணையர், ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் வழிமுறையை விரிவாக விளக்கினர். முதிய விண்மீனின் உட்புறத்தில் அணுக்கருக்கள் மெதுவாக நியூட்ரான்களைப் பற்றிக்கொண்டு கனமாகின்றன. கொதிக்கும் குழம்பின் அடியிலுள்ளது மேலெழுவதுபோல, உள்ளே விளைந்தது வெப்பச்சலனத்தால் மேற்பரப்புக்கு வருகிறது. அதைத்தான் நிறமாலையில் காண்கிறோம்.

மாணவர்களின் குறிப்பேட்டில் "செயற்கை" என்று நான் எழுதவைத்த சொல் இன்னும் இருக்கிறது. அதனை அழிக்கச் சொல்லப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில், பக்கத்தில் ஆர் ஆண்ட்ரோமெடே என்று எழுதச் சொல்வேன்.