திறந்தவெளிக் கல்யாணங்களில் சரவிளக்கு

சென்ற வைகாசியில் நம் காலனியில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் மேற்பார்வை என் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. பெண் நம்மவர் பெண். மாப்பிள்ளையோ இந்த ஜான்சி நகரத்துப் பிள்ளை. ஆகையால் காலையில் நம் முறைப்படி மாலைமாற்றலும் ஊஞ்சலும் முகூர்த்தமும், இரவில் அவர்கள் வழக்கப்படி ‘பாராத்’ ஊர்வலமும் வரவேற்பும் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். மைதானத்தில் போடப்படும் ஷாமியானாவின் நடுவே பெரிய சரவிளக்கு ஒன்று தொங்கவேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் விருப்பம். பெண்ணின் பாட்டியார் இதைக் கேட்டுவிட்டு, “அரண்மனைக் கூரையில் தொங்கவேண்டியது துணிக்கூரையில் எப்படித் தொங்கும்? காற்று அடித்தால் யார் தலையில் விழும்?” என்றார். பந்தல் குத்தகைக்காரர் சிரித்தார். நானும் உடன் சிரித்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என் மனத்தைவிட்டு அகலவில்லை. மலர்க் குழுவினர் இவ்வாண்டு கட்டுரை கேட்டபோது அதையே விசாரித்து எழுதலாமென்று துணிந்தேன். அடியேன் பள்ளியிறுதி வகுப்போடு நின்று, பார்சல் ஆபீஸில் பேரேடு எழுதிக் காலம் கழிப்பவன். கற்றறிந்தோர் பிழை பொறுப்பார்களாக.

இந்நாட்டில் திறந்தவெளியை விளக்குகளால் அலங்கரிக்கும் பழக்கம் சரவிளக்கு வருவதற்கு வெகுகாலம் முந்தியது. நமக்கு அண்மையிலுள்ள ஆக்ராவையே எடுத்துக்கொள்வோம். அக்பர் சக்கரவர்த்தியின் ஆட்சி முறைகளை விவரிக்கும் ‘அயினி அக்பரி’யில் ஆகாச தீபம் என்ற ஒன்று கூறப்படுகிறது. நாற்பது கஜத்துக்கும் மேற்பட்ட உயரமுள்ள கம்பத்தின் உச்சியில் பெரிய விளக்கு. கம்பம் சாயாதிருக்கப் பதினாறு கயிறுகள்! 1633-ஆம் ஆண்டில் ஷாஜகானின் மூத்த குமாரர் தாரா ஷிகோவின் விவாகம் ஆக்ராவில் நடந்தபோது விளக்கு வரிசைகளும் வாணவேடிக்கைகளும் இரவைப் பகலாக்கின என்பதற்குச் சித்திரங்களே சாட்சி. ஆனால் அவையெல்லாம் தரையிலோ, மதிலிலோ, கம்பத்திலோ நின்ற விளக்குகள். தலைக்கு மேலே கொத்தாகத் தொங்கிய விளக்கு அல்ல.

அந்தக் கொத்து விளக்குக்கு இப்பக்கத்தார் இட்ட பெயர் ‘ஜாட்’ என்பது. ஜாட் என்றால் செடி, புதர். தலைகீழாகத் தொங்கும் ஒரு பளிங்குச் செடி. கிளைதோறும் ஒரு சுடர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! இச்சொல்லைப் பெரும்பாலும் தனியாகச் சொல்வதில்லை. ‘ஜாட்-பானூஸ்’ என்று இரட்டையாகவே சொல்வார்கள். பானூஸ் என்பது சுடரை மூடும் கூண்டு. கிரேக்க மொழியிலிருந்து அரபிக்கும் அங்கிருந்து இந்நாட்டுக்கும் வந்த சொல் அது. செடி எவ்வளவு அழகாயிருந்தாலும் கூண்டு இல்லாவிட்டால் காற்றில் அவிந்துவிடும் என்பதை அந்த இரட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது. திறந்தவெளியில் சரவிளக்கின் சரித்திரம் முழுவதும் காற்றோடு அது நடத்திய போராட்டமே எனலாம்.

பளிங்கு பிறந்த கதையைச் சுருங்கச் சொல்கிறேன். 1674-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்ற ஆங்கிலேயர், ஈய ஆக்ஸைடு கலந்து கண்ணாடி காய்ச்சும் முறைக்கு உரிமை பெற்றார். அது கனமான கண்ணாடி. ஆனால் பட்டை தீட்டுவதற்கு இசைவானது. பட்டைகளில் பட்ட ஒளி ஏழு நிறமாய்ச் சிதறும். ஒரு மெழுகுவத்தியின் சுடர் நூறு தொங்கல் மணிகளில் நூறு சுடராய்த் தோன்றுவது இதனால்தான். விளக்குகளைக் கூட்டாமலே வெளிச்சத்தைக் கூட்டியதாகக் கண்ணை ஏமாற்றும் வித்தை! 1745-இல் இங்கிலாந்து அரசாங்கம் கண்ணாடியின் எடைக்கு வரி விதித்தது. கனமே பெருமையாகிய பொருளுக்கு எடைமேல் வரி. அது நீங்க 1845 வரை, சரியாக நூறாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. (எடை பார்த்துக் கட்டணம் விதிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைப் படித்தபோது சிறிது புன்னகை வந்தது.)

பர்மிங்ஹாம் நகரில் 1807-இல் தோன்றிய ஆஸ்லர் கம்பெனி இத்தகைய பளிங்கு வேலையில் பெயர் பெற்றது. 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியின் நடுநாயகமாய் நின்ற இருபத்தேழு அடி உயரப் பளிங்கு நீரூற்று அவர்கள் செய்ததே. அதற்கு முன்பே, 1840-களில், அவர்கள் கல்கத்தாவில் கடை திறந்துவிட்டார்கள். அங்கிருந்துதான் ராஜாக்களும் ஜமீன்தார்களும் ஜாட்களை வாங்கினார்கள்.

நம் ஊரிலிருந்து ரயிலில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் குவாலியரின் ஜெய்விலாஸ் அரண்மனையை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அழைத்துச் செல்லும் இடமாயிற்றே! 1874-இல் ஜயாஜிராவ் சிந்தியா மகாராஜா கட்டுவித்தது. அதன் தர்பார் மண்டபத்தில் தொங்கும் இரண்டு சரவிளக்குகளும் தனித்தனியே சுமார் மூன்றரை டன் எடை. கூரை தாங்குமா என்று சோதிக்க, சாய்தளம் அமைத்து யானைகளைக் கூரைமேல் நடத்திப் பார்த்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. யானைகள் எட்டு என்பாரும் உண்டு, பத்து என்பாரும் உண்டு. எண்ணிக்கை எதுவாயினும், விளக்கைத் தொங்கவிடுவதற்கு முன் கூரையைச் சோதித்தார்களே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

அரண்மனைக்குள்ளேயே காற்றுத் தொல்லை இருந்தது. வெளிக் காற்று அன்று. பங்கா இழுப்பதால் உண்டாகும் காற்று. ஆகவே இந்தியாவுக்கு வந்த சரவிளக்குகளில் ஒவ்வொரு சுடருக்கும் உயரமான கண்ணாடிக் கூண்டு வைத்தார்கள். மெழுகு இந்நாட்டு வெயிலில் வளைந்து உருகுவதால், கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி நீர் நிரப்பி, அதன்மேல் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரிப்பதும் வழக்கமாயிற்று. கோடையில் மெழுகைவிட அது சௌகரியம்.

சரி, அரண்மனையைவிட்டு வெளியே வருவோம். வடநாட்டுக் கல்யாணத்தின் சிறப்பு மண்டபத்தில் அன்று, தெருவில்தான். மாப்பிள்ளை குதிரை ஏறி, வாத்தியம் முழங்க, உறவினர் ஆட, பெண் வீட்டை நோக்கி இரவில் ஊர்வலம் வருவதே பாராத். தெருவுக்குக் கூரை ஏது? சங்கிலி மாட்ட வளையம் ஏது? அங்கே கூரையின் வேலையை மனிதன் செய்யவேண்டியதாயிற்று. முதலில் மஷால் என்னும் தீவட்டி. மஷால்சி ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் எண்ணெய்ச் செம்புமாக நடப்பான். சுடர் மங்கும்போதெல்லாம் எண்ணெய் வார்ப்பான். வெளிச்சம் மாப்பிள்ளைக்கு, புகையும் கரியும் அவனுக்கு. நம் ஊர்த் தீவட்டிக்காரர் நிலையும் இதுவேயன்றோ?

தீவட்டியைத் தெருவிலிருந்து அகற்றியவர் ஆஸ்திரிய நாட்டு ரசாயன சாஸ்திரியாகிய கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். உலோக உப்புக்கரைசலில் தோய்த்த நூல்வலையைச் சுடரின்மேல் மாட்டினால், நூல் எரிந்து சாம்பல்கூடு நின்று, அது வெண்ணிறமாய் ஒளிவிடும் என்று கண்டு 1885-இல் உரிமை பெற்றார். 1891-இல் தோரியமும் சிறிதளவு சீரியமும் கலந்து அதைச் செப்பனிட்டார். பிறகு 1910-ஐ ஒட்டி, ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் அழுத்தத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கி இந்த ‘மாண்டில்’ வலையில் எரிக்கும் விளக்கைக் கொண்டுவந்தார். அவர் பெயரைத் தாங்கிய பெட்ரோமாக்ஸ்தான் நாம் ‘காஸ் லைட்’ என்று அழைத்த விளக்கு. நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளின் ஒளி. எண்ணெய் நிரப்பினால் மூன்று கிலோவுக்கு மேல் எடை. காற்று இதனிடம் தோற்றது. ஆனால் மாண்டில் என்பது வெறும் சாம்பல். சுமப்பவன் இடறினால் உதிர்ந்துவிடும்.

1988-இல் என் அக்காள் கல்யாணத்து ஜானவாசம் இதே காலனித் தெருக்களில்தான் நடந்தது. எனக்கு அப்பொழுது வயது ஒன்பது. இரு வரிசையில் காஸ் லைட்டுகளைத் தலையில் சுமந்து நடந்தார்கள். ‘உஸ்’ என்ற அதன் ஓசையும், மண்ணெண்ணெய் வாடையும், சுற்றி மொய்த்த பூச்சிகளும் இன்றும் நினைவில் இருக்கின்றன. வரிசையில் ஒரு கிழவர், கழுத்து அசையாமல், நீர்க்குடம் சுமப்பவர்போல் நடந்தார். பிள்ளையார் கோவில் திருப்பத்தில் யாரோ வெடி கொளுத்த, அவர் திடுக்கிட்டதில் மாண்டில் உதிர்ந்தது. பெரியவர் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். கிழவர் ஒன்றும் பேசாமல் அவிந்த விளக்கையே தலையில் வைத்துக்கொண்டு முடிவுவரை வரிசையில் நடந்தார். விளக்கை இறக்கி வைக்கலாமே, ஏன் சுமக்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்று பின்னாளில் என் தகப்பனார் சொன்னார்.

மின்சாரம் வந்த பிறகாவது தலைச்சுமை நீங்கியதா என்றால், இல்லை. கல்கத்தாவில் மின்விளக்கு 1879-இல் முதன்முதல் காட்டப்பட்டது. 1899-இல் வினியோகம் தொடங்கியது. கட்டடங்களில் இருந்த சரவிளக்குகளுக்கு அதனால் விமோசனம். தெருவிலோ, டீஸல் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றலாம் என்றானதும், அரண்மனைச் சரவிளக்கின் சாயலில் கிளைகளும் தொங்கல் மணிகளும் வைத்த இரும்புச் சட்டம் காஸ் லைட் இருந்த அதே தலைகளில் ஏறியது. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி; கம்பியின் கடைசியில் வண்டி. சுமப்பவர் முன்னே போகவும் முடியாது, பின்னே தங்கவும் முடியாது. காஸ் லைட் சுமந்தவர் களைத்தால் ஓரமாக ஒதுங்கியாவது நின்றிருப்பார். இன்று பல ஊர்களில் பெண்களும் இவ்வேலைக்கு வருகிறார்கள்.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது தவறு. மின்சார ரயில்பாதையின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. லெவல் கிராசிங்கில் இருபுறமும் நிற்கும் உயர அளவுச் சட்டம் 4.67 மீட்டர். அதை யாரும் அலங்கார வளைவு என்று எண்ணவேண்டாம். பாராத்துக்காரர்கள் உற்சாகத்தில் விளக்குகளைக் கழியில் தூக்கி ஆட்டிக்கொண்டு பாதையைக் கடப்பதை நான் கண்டிருக்கிறேன். கம்பியைத் தொடவேண்டுமென்பதில்லை, நெருங்கினாலே போதும்.

பளிங்குக்கும் நம் இலாகாவுக்கும் தொடர்பு உண்டு. டில்லி–ஹௌரா பாதையில் தூண்ட்லாவை அடுத்த பிரோசாபாத், வளையலுக்குப் பெயர்போன ஊர். சரவிளக்கின் கிளைகளும் மணிகளும்கூட அங்கே செய்யப்படுகின்றன. தாஜ்மகாலின் சலவைக்கல் புகையால் கெடுவதைத் தடுக்க, சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறவேண்டுமென்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவ்வூர்க் கண்ணாடி உலைகளும் எரிவாயுவுக்கு மாறின. ஆயினும் இன்று கல்யாணப் பந்தல்களில் வாடகைக்குத் தொங்குவதில் பெரும்பகுதி கண்ணாடியே அன்று. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். எடை குறைவு, உடையாது. பக்கத்தில் சென்று தொட்டால்தான் தெரியும். திறந்தவெளிக்கு இதுவே தகும் என்பது என் கருத்து. ரசிகர்கள் மன்னிக்கவேண்டும்.

இனி அந்த வைகாசிக் கல்யாணம். பாட்டியார் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், விளக்கை ஷாமியானாவின் கம்பத்தில் மாட்டக்கூடாது என்று பிடிவாதம் செய்தேன். நான்கு கால் இரும்புச் சட்டம் தனியே நட்டு, விளக்கு அதில் தொங்கவேண்டும். சங்கிலி அறுந்தாலும் தாங்க இரண்டாவது சங்கிலி ஒன்று வேண்டும். கீழே நாற்காலி போடக்கூடாது என்றேன். வீண் செலவு என்று குத்தகைக்காரர் முணுமுணுத்தார். பெண்ணின் தகப்பனாருக்கும் அவ்வளவாகச் சம்மதமில்லை. கையிருப்பு அவருக்கல்லவா தெரியும்! ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பாராத் வந்து சேர்ந்து கால்மணி ஆகியிருக்கும். இப்பக்கத்துக் கோடையில் அடிக்கும் ‘ஆந்தி’ என்னும் புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. ஷாமியானா பாய்மரம்போல் உப்பியது. இரண்டு கம்பங்கள் சாய்ந்து, துணி ஒருபுறம் கிழிந்து பறந்தது. சரவிளக்கு ஊசலாடியது, சில மணிகள் தெறித்தன, ஆனால் விழவில்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். இருபது நிமிஷம் இருள்.

அந்த இருளில்தான், கைப்பேசி வெளிச்சத்தில், மதிலோரம் குந்தியிருந்த விளக்குச் சுமையாளிகளைப் பாட்டியார் கண்டார். பதினான்கு பேர்; அவர்களில் ஐவர் பெண்கள். அவிந்த விளக்குகளைக் காற்றில் சாயாமல் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். “இவர்களுக்கு இலை போட்டாயிற்றா?” என்று பாட்டியார் என்னைக் கேட்டார். போடவில்லை, யாரும் நினைக்கவுமில்லை. விளக்குக் குத்தகைக்காரரிடம் சொன்னபோது, பத்தரை மணிக்கு வேறொரு பாராத் இருக்கிறது, உட்கார நேரமில்லை என்றார். ஆகவே பூரியும் லட்டும் தயிர்சாதமுமாகப் பதினான்கு பொட்டலங்கள் கட்டினோம். கடைசியாக வாங்கிய பெண், ஜெனரேட்டர் வண்டி தள்ளும் பையனுக்கும் ஒன்று வேண்டுமென்றாள். அவனை நாங்கள் எண்ணியிருக்கவில்லை. பதினைந்தாவது பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் சட்டங்களைத் தலையில் ஏற்றினார்கள். விளக்கு ஏற்றாமலே, இருட்டில், வரிசை குலையாமல் ஸ்டேஷன் சாலைப் பக்கம் நடந்து போனார்கள்.