வழிப்போக்கரும் நாணய வட்டமும்

சங்கத் தொகை நூல்களிலே பாடிய புலவர்களுள் 'வண்ணக்கன்' என்னும் அடைமொழி தாங்கியோர் சிலர் உளர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் அவருள் ஒருவர். நாணயத்தை நோட்டம் பார்த்து, அதன் மாற்றும் மதிப்பும் அறிந்து கூறுபவனே வண்ணக்கன் என்பர் அறிஞர். 'வடம' என்பது வடக்கிலிருந்து வந்தமையைக் குறிக்கும் எனக் கொள்வாரும் உண்டு. தமிழகத்தை விட்டு வடக்கே வந்து சிகந்தராபாத்தில் குடியேறி வாழும் நமக்கு, வடக்கிலிருந்து தெற்கே சென்று காசும் பார்த்து, கவிதையும் பாடிய ஒருவர் முன்னோடியாக வாய்த்தது மகிழ்ச்சிக்குரியதன்றோ?

ஓர் ஊரின் நாணயத்தை மற்றோர் ஊரின் நாணயமாக மாற்றும்போது கழிக்கப்படும் தொகைக்கு 'வட்டம்' என்பது நம்மவர் இட்ட பெயர். மாற்றித் தருபவருக்குச் சராப்பு என்று பெயர். அவர் அமரும் இடம் காசுக்கடை. இவ்வட்டத்தின் வரலாறே வழிப்போக்கரின் வரலாறு எனலாம். யான் பொருளியல் கற்றவன் அல்லேன். இரயில்வேயில் கணக்கெழுதும் ஓர் எளிய குமாஸ்தா. ஆயினும் சில்லறை எண்ணிப் பழகிய கைக்கு இவ்வரலாறு சுவையாகவே இருக்கிறது.

தவர்னியே என்னும் பிரெஞ்சு நாட்டு மணி வணிகர் 1631க்கும் 1668க்கும் இடையே ஆறு முறை கீழ்த்திசைப் பயணம் செய்தார். நமக்கு அருகிலுள்ள கோல்கொண்டாவிற்கும் வைரம் வாங்க வந்தார். அவர் 1676இல் வெளியிட்ட நூலில், சூரத்து நகரின் மீது எழுதப்படும் உண்டியல்களின் வட்ட விகிதங்களை ஊர்வாரியாகக் குறித்து வைத்துள்ளார். அகமதாபாத்தில் நூற்றுக்கு 1 முதல் 1½ வரை; ஆக்ராவில் 4¼ முதல் 5 வரை; கோல்கொண்டாவில் 4 முதல் 5 வரை; இலாகூரில் 6¼; டாக்காவில் 10. ஊர் தொலைவாகத் தொலைவாக வட்டமும் ஏறுவதைக் காண்க. மூட்டை கட்டிப் பணத்தைச் சுமந்து, கள்வருக்கு அஞ்சி, காவலருக்குக் கூலி கொடுத்துச் செல்வதைவிட இவ்வட்டம் மலிவு என்று கருதியே வணிகர் அதனைக் கொடுத்தனர். கேட்பவர் கொள்ளைக்காரர் என்று கூச்சலிடுமுன், அவர் ஏற்கும் இடர் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சராப்புகளின் சிக்கனத்தைப் பற்றியும் தவர்னியே வியந்து எழுதுகிறார். உரைகல்லில் பொன்னை உரைத்தபின் கல்லிலே ஒட்டும் துகளையும் அவர்கள் வீணாக்கார். கீலும் மெழுகும் கலந்து உருட்டிய உருண்டையால் அதனை ஒற்றி ஒற்றி எடுத்து, சில ஆண்டுகள் கழித்து உருண்டையை எரித்துப் பொன்னை எடுத்துக்கொள்வராம்! கண்ணுக்குத் தெரியாத துகளிலேயே இலாபம் காண்பவரிடம், கணக்கறியாத வழிப்போக்கன் சென்று நின்றால் என்ன ஆவான்?

வங்காளத்திலே நிலைமை இன்னும் விந்தையானது. அங்கே சிக்கா ரூபாய் அடிக்கப்பட்ட ஆண்டிலே முழு மதிப்புப் பெறும். ஆண்டு மாறினால், எடை சற்றும் குறையாவிடினும், அதன் மதிப்புக் குறைந்துவிடும். மேலும் காலம் செல்லின் 'சோனாத்' எனப் பெயர் மாறி இன்னும் தாழும். நாணயத்தின் மேலுள்ள ஆட்சியாண்டைப் படிக்கத் தெரியாத உழவனும் பயணியும் நட்டமடைந்தனர். படித்துச் சொல்பவர் செல்வராயினர். இக்கேட்டை ஒழிக்கவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியார், எந்த ஆண்டில் அடித்தாலும் ஷா ஆலம் மன்னரின் 19ஆம் ஆட்சியாண்டையே பொறிக்கும்படி செய்தனர். காலத்தையே நிறுத்தி வைத்துக் கணக்கைச் சரிசெய்த வேடிக்கை இது!

சென்னையிலோ வராகன், பணம், காசு என்று வேறொரு கணக்கு. நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம். பணம் ஒன்றுக்கு 80 காசு. 1818இல் ரூபாய் அங்கே தலைமை நாணயமாக்கப்பட்டது. வராகனுக்கு 3½ ரூபாய் என வகுத்தனர். பின்னர் 1835ஆம் ஆண்டுச் சட்டம், 180 கிரெயின் எடையும் அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் உடைய ஒரே ரூபாயைக் கும்பினியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஏற்படுத்தியது. இஃது இல்லையேல், பின்னாளில் வந்த இரயிலில் பயணச்சீட்டுச் சாளரம் தோறும் ஒரு சராப்பு உட்கார வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் நம் ஊர் அக்கணக்கில் சேரவில்லை. நிஜாம் அரசுக்குத் தனி நாணயம் உண்டு. அதுவே ஹாலி சிக்கா. ஏழு ஹாலி சிக்கா ரூபாய்க்கு ஆறு பிரிட்டிஷ் ரூபாய் என்பது விகிதம். அதாவது நூறு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி கிடைத்தல் வேண்டும். சென்னையிலிருந்து புதிதாய் வந்திறங்கியவர் இரண்டும் ரூபாய்தானே என்று மயங்கி ஒன்றுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டால், ரூபாய்க்கு இரண்டே கால் அணாவுக்கு மேல் இழப்பு. சம்பளம் எந்த ரூபாயில், வாடகை எந்த ரூபாயில் என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்தவரே பிழைத்தனர் என்று நம் சங்கத்து முதியோர் தம் பெற்றோர் கூறக் கேட்டதைச் சொல்வதுண்டு. இந்நாணயம் 1959இல் செல்லாததாயிற்று.

கடல் கடந்து செல்வோருக்கு மேல்நாட்டார் கண்ட வழி வேறு. 1772இல் இலண்டனில் இராபர்ட் ஹெரிஸ் என்பார் பல நகரங்களில் மாற்றத்தக்க சுற்றுச் சீட்டுகளை வழங்கினார். தாமஸ் குக் நிறுவனம் 1874இலும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இலும் இத்துறையில் இறங்கின. பின்னதே பயணிகள் காசோலை எனப் புகழ்பெற்றது. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது ஒரு கையொப்பம். திருடு போனாலும் பணம் மீளும். சீட்டை வாங்கியவர் செலவழிக்கும் வரை அப்பணம் முழுதும் வட்டியின்றி நிறுவனத்தின் கையில் இருந்ததே அதன் பேரிலாபம். இக்காசோலை இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது.

விடுதலைக்குப் பின் நம் நாட்டில் அயல்நாட்டுப் பணம் அரிதாயிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தியது. 1959இல் ரிசர்வ் வங்கி ஹஜ் பயணிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய்த் தனி நோட்டுகளை அச்சிட்டது. எண்ணின் முன்னே 'எச்.ஏ.' என்னும் எழுத்துகள் இருக்கும். உள்நாட்டில் செல்லா, சவூதி அரேபியாவிலே மாற்றிக்கொள்ளலாம். ஒரு புனிதப் பயணத்திற்காகவே ஒரு பணம் பிறந்தது! அதே ஆண்டில் பாரசீக வளைகுடா நாடுகளுக்கும் தனி ரூபாய் அளிக்கப்பட்டது. 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. வளைகுடாவில் அந்த ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர், பெட்டியைத் திறவாமலே பொருளை இழந்தார். அதுவரை நம் ரூபாயைக் கைவிடாதிருந்த நாடுகளும் அதன்பின் அதனைக் கைவிட்டன. எந்தச் சராப்பும் கேட்காத வட்டம் அது. நம் நாட்டிலும் வெளிநாடு செல்வோர் சில டாலர்களை மட்டுமே கையில் கொண்டு புறப்பட்ட காலம் பின்னும் நெடுநாள் நீடித்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டமே கட்டினைத் தளர்த்தியது.

இன்று சராப்பு கண்ணாடிக் கூண்டினுள் அமர்ந்திருக்கிறார். 'கழிவு இல்லை' என்று பலகை தொங்குகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அவருடைய வட்டம் என்பதை அப்பலகை கூறுவதில்லை. அட்டையைத் தேய்க்கும் பொறியும், "உங்கள் ரூபாயிலேயே கணக்கிடட்டுமா?" என்று அன்பாகக் கேட்கிறது. அந்த அன்புக்கும் பெரும்பாலும் விலை உண்டு. அந்தந்த நாட்டுப் பணத்திலேயே கணக்கிடச் சொல்லுதல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பர்கள் சிலருடன் முத்திநாத யாத்திரை சென்றிருந்தேன். நேபாள ரூபாய் 1993 முதல் நம் ரூபாய் ஒன்றுக்கு 1.60 என நிலைநிறுத்தப்பட்டது. ஏற்ற இறக்கமில்லாத விகிதம். ஏமாற வழியில்லை என்று நம்பினேன். எல்லையோர ஊரில், எங்களுடன் வந்த மூதாட்டியார் ஒருவர், பேரன் அனுப்பிய 5,000 ரூபாயை நூறு ரூபாய்த் தாள்களாகவே ஒரு கடையில் நீட்டினார். 8,000 வரவேண்டிய இடத்தில் 7,500 வந்தது. "விகிதம் 1.60 ஆயிற்றே" என்றேன். "அது வங்கியில்" என்றார் கடைக்காரர். வங்கி அன்று விடுமுறை. பாட்டியோ, "போகட்டும் தம்பி, பெருமாளைப் பார்க்க வந்த இடத்தில் கணக்கு எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே பணத்தை முடிந்துகொண்டார். நான் மட்டும் ஜோம்சோம் போய்ச் சேரும் வரை அந்த 500 ரூபாயையே எண்ணிக்கொண்டிருந்தேன்.