கட்டையைச் சாய்த்த கதை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மதியச் சாப்பாடு முடிந்ததும் காதில் விழும் பேச்சு இது: “செத்த கட்டையச் சாய்ச்சுட்டு வாரேன்.” செத்த என்றால் சற்று நேரம், சாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டைக்கு உண்டு.

கட்டை என்பது இங்கே உடம்பு. பிணத்தை விறகடுக்கில் கிடத்தி எரிக்கும் வழக்கத்திலிருந்து வந்த பொருள் இது என்பது என் முடிவு. அடியில் கிடக்கும் மரமும் மேலே கிடக்கும் மனிதனும் ஒரே தீயில் வேகிறபோது பெயரும் ஒன்றாகிவிடுகிறது. நிலையாமை பேசிய சித்தர் மரபு அந்தப் பார்வையை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கலாம். “இந்தக் கட்டை வேகறதுக்குள்ள பேரன் கல்யாணத்தப் பார்த்துடணும்” என்று ஒரு பாட்டி சாதாரணமாகச் சொல்வாள். துணை இல்லாதவர் ஒண்டிக்கட்டை, வயதானவர் கிழக்கட்டை. கோபம் தலைக்கேறினால் “கட்டையில போறவனே” என்று வசவு. இத்தனையும் சுடுகாட்டு வழியாக வந்த சொற்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வரிசையில் பிறந்து, வாழ்வின் மிக இதமான ஒரு நேரத்துக்குப் பெயராக நிலைத்தது ‘கட்டையைச் சாய்ப்பது’ ஒன்றே.

வினையையும் கவனிக்க வேண்டும். இந்த வழக்கில் யாரும் “சாய்கிறேன்” என்று சொல்வதில்லை, “சாய்க்கிறேன்” என்கிறார்கள். சுமைதாங்கிக் கல்லில் தலைச்சுமையை இறக்கி வைப்பதுபோல, தன் உடம்பைத் தானே எடுத்து ஓரிடத்தில் கிடத்துகிற பேச்சு இது. விடிந்ததிலிருந்து உடம்பைச் சுமையாக உணர்ந்தவர்கள்தாம் இப்படிப் பேசியிருக்க முடியும்.

பெரம்பலூரின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் மூன்றும் மனித முதுகைக் கேட்கிற பயிர்கள். செட்டிகுளம் பக்கம் வெங்காயத்தைக் குனிந்தபடியே பிடுங்க வேண்டும், தாள் அரிய வேண்டும், பட்டறை போட்டுக் காற்றாட அடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடிக்க விடியலிலேயே கிளம்பிப் போனவர்களுக்கு நடுப்பகலில் வேப்பமர நிழலும் தோளில் கிடக்கும் துண்டும்தான் படுக்கை. வீட்டுக்கு வந்துவிட்டால் திண்ணை இருக்கிறது. பழைய வீடுகளில் திண்ணையின் ஒரு முனையைத் தலை வைக்க வாகாகச் சரிவாக உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வீடு கட்டும்போதே இந்த ஓய்வுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதே மாவட்டத்தில் நிஜமாகவே ஒரு கட்டை சாய்ந்து கிடக்கிறது. சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். அந்த மரம் விழுந்த காலத்தில் இங்கே கடல் இருந்தது. விழுந்த மரத்தைக் கடல் வாங்கிக்கொள்ள, சேறு மூடி, மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது. நம் வழக்கு அதிலிருந்து பிறந்ததல்ல. ஆனால் அந்தப் பழங்கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கின்றன. அந்தக் கல்லை ஏற்றிவரும் லாரி ஓட்டுநர், லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துக்கொண்டு, இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்.

பிறகு இந்த வழக்கின் பொருள் கொஞ்சம் திரிந்தது. வேலைக்குப் போகாமல் பகல் முழுக்கக் கிடப்பவனைப் பார்த்து “சாப்பிட வேண்டியது, கட்டையச் சாய்க்க வேண்டியது” என்று ஏசத் தொடங்கினோம். திண்ணைத்தூங்கி என்ற ஏச்சும் அதன் பங்காளிதான். உழைத்தவர் தமக்காக உண்டாக்கிக்கொண்ட சொல்லைச் சோம்பேறியின் தலையில் கட்டியது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால், அந்த ஏச்சுக்குப் பயந்து, உண்மையிலேயே அலுத்துப்போனவர்களும் படுக்கக் கூச்சப்படுகிறார்கள். அதிலும் பெண்கள். களையெடுத்துவிட்டு வந்து உலை வைக்கிற பெண் பகலில் கொஞ்சம் படுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வைப் பற்றிச் சட்டமும் பேசியிருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் ஓய்வு நேரமும் வேண்டும் என்று எழுதி வைத்தது. வெங்காயக் காட்டுக் கூலியாட்களின் ஓய்வு ஏட்டில் நிற்பதில்லை. காட்டுக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு. காட்டுக்காரர்களே, வரப்போரத்தில் இருக்கும் வேம்பையும் புங்கையும் வெட்டாமல் விடுங்கள். நடுப்பகலில் ஒரு மணி நேரம் ஆட்களைக் கூப்பிடாதீர்கள்.