யாருடைய நேரம்? படியாள் முறையிலிருந்து பன்னிரண்டு மணி நேர வேலை வரை



2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, வேலை நேரம் குறித்த விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'நெகிழ்வான வேலை நேரம்'. நாளுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்பு, விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் திரண்டன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

மசோதா போய்விட்டது. அது எழுப்பிய கேள்வி போகவில்லை. ஓர் உழைப்பாளியின் நேரத்தை முடிவு செய்வது யார்? நம் மக்களின் வரலாற்றில் இது சாதியோடு பிறந்த கேள்வி.

இன்று நாம் கூடியிருக்கும் தாம்பரமும் சுற்றுவட்டாரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிகோலிய ஆவணமாக நாம் அதைக் கொண்டாடுகிறோம். உழைப்பு நேரத்தின் ஆவணமாகவும் அதை வாசிக்க வேண்டும். படியாள் கடனால் கட்டுண்டவர். அந்தக் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. குடியிருந்த சேரிமனைகூட மிராசுதாருடையது என்று உரிமை கோரப்பட்டது. எதிர்த்துப் பேசினால் வீடு போகும். அப்படிப்பட்டவருக்கு வேலை தொடங்கும் நேரம் உண்டு, முடியும் நேரம் கிடையாது. ஆண்டையின் தேவைக்கு ஏற்ப எப்படி வேண்டுமானாலும் வளைக்கக்கூடிய உழைப்பு அது.

ஆலைச் சங்கு நம்மவர்க்கு ஒடுக்குமுறையாக மட்டும் கேட்கவில்லை. வேலை முடிந்தது என்றும் அதுதான் அறிவித்தது. அந்த முடிவு நேரமும் எளிதில் வந்ததல்ல. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி நேரத்தை அனுமதித்தது. 1922 சட்டம் அந்த 60-ஐ ஏற்றது, 1934 சட்டம் 54 ஆக்கியது. வைஸ்ராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால்தான் 1946-இல் அது வாரத்துக்கு 48, நாளுக்கு 9 என்றானது. 1948 சட்டம் இதை நிலைநிறுத்தி, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளத்தையும் உறுதிசெய்தது. மாலைப் பொழுது நமக்குச் சொந்தமானது இப்படித்தான். இரவுப் பள்ளியும் படிப்பகமும் சங்கக் கூட்டமும் அந்த மாலையில்தான் நடந்தன. வேலை நேரத்தை நீட்டுகிறவர்கள் நம் அரசியலுக்கான நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வெற்றியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வயலும் வீட்டுவேலையும் அதற்குள் வரவில்லை. 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் நகரின் குடிசைப் பகுதி மக்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் தலித்துகள். அப்பெண்கள் பழைய மகாபலிபுரச் சாலையின் அடுக்குமாடிகளிலும் கணினி நிறுவனங்களிலும் துப்புரவும் சமையலும் செய்கிறார்கள். 2020 ஊரடங்கில் மென்பொருள் ஊழியர் மடிக்கணினியோடு வீட்டிலிருந்தே வேலை செய்தார். அவர் தெருவைக் கூட்டிய தூய்மைப் பணியாளர் விடியுமுன் வேலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. வீட்டுவேலை செய்த பெண்ணை வர வேண்டாம் என்றார்கள், கூலியும் நின்றது. ஒரே நகரில் ஒருவருக்கு நெகிழ்வு வசதியானது, ஒருவருக்கு அந்தப் பேச்சே இல்லை, இன்னொருவருக்கு அது பட்டினியானது.

ஆகவே நெகிழ்வு வேண்டுமா, வேண்டாமா என்று நாம் வாதிடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வர விரும்பும் தாய்க்கு அது தேவை. மாலைக் கல்லூரியில் படிக்கும் தொழிலாளிக்கும் தேவை. ஆனால் 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய ஏற்றுமதி வளாகம் போன்ற ஓரிடத்தில், ஒப்பந்தக்காரர் நீட்டும் தாளில் ஒரு பெண் போடும் கையெழுத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? மறுத்தால் நாளைக்கு வேலை உண்டா என்பதே அங்கே முதல் கேள்வி. கடன்பட்ட படியாளின் சம்மதத்தையும் ஒரு காலத்தில் ஒப்பந்தம் என்றுதான் சொன்னார்கள்.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். நேரத்தை மாற்றக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். மறுத்தவரைப் பழிவாங்கத் தடை வேண்டும். ஷிப்ட் அட்டவணை முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம் வேண்டும். வீட்டுவேலை செய்பவரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் இதற்குள் வர வேண்டும். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் எந்த வேலைநேரச் சட்டமும் சேரியை ஊருக்கு வெளியே வைத்த பழைய வரைபடத்தின் நகல்தான்.